வழிகாட்டியின்றி ஒரு பிரயாணம்

நம் தோட்ட மக்கள் வழி கேட்டுப் பழகியவர்களேயன்றி, வழி பார்த்துப் பழகியவர்கள் அல்லர் என்று நகரத்து அன்பர் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் கூற்றில் உண்மை அடியோடு இல்லையென்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் அவ்வுண்மைக்குக் காரணம் யாதென்று அவர்கள் எண்ணிப் பார்த்தார்களா என்பதே என் கேள்வி.

நம் முன்னோர் இந்நாட்டிற்கு வந்த விதத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஊரில் கங்காணி முன்னே நடந்தான். இவர்கள் பின்னே நடந்தார்கள். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேற்றுவதற்கு ஒருவன் நின்றான். பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறக்கி எண்ணிக்கொள்வதற்கு வேறொருவன் நின்றான். நோய்த்தடுப்பு முகாமில் சில நாள் வைத்திருந்து, தோட்டத்து ஆள் வந்து கேட்டபோது ஒப்படைத்தார்கள். தோட்டம் சேர்ந்த பின்னரோ, விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு, ‘இந்த நிரை உன்னுடையது, அந்த நிரை அவனுடையது’ என்று தண்டல் காட்டினான். உடலுழைப்புக்கு ஆள் கூட்டி அனுப்புவதை 1938-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் தடுத்தது. அதுவரையில் வந்தவர்களுக்கெல்லாம் கால் தம்முடையது, வழி பிறருடையது என்பதே நிலைமையாயிருந்தது. இத்தகையோரின் மக்களும் பேரரும் வழி பார்க்கக் கற்றுக்கொள்ள இரண்டொரு தலைமுறை சென்றதென்றால் அதில் வியப்பு யாது?

இதனை நான் எழுதப் புகுந்ததற்குக் காரணம் ஒரு சிறு பிரயாணம். ஐம்பத்தெட்டு வயதாகி, ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற பெண்ணாகிய நான், எண்பத்திரண்டு வயதான என் தாயை மூன்று சக்கர மோட்டார் சைக்கிளில் அமர்த்திக்கொண்டு, சிரம்பானிலிருந்து பகாவுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டம் வரையில், துணைக்கு ஆண்பிள்ளை எவரும் இல்லாமல், 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் போய் வந்தேன். கேட்டவர்களில் பாதிப்பேர் சிரித்தார்கள்; மீதிப்பேர் “எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?” என்று கேட்டார்கள். கல்யாணம், இழவு, திருவிழா ஆகிய மூன்றையும் தவிர்த்து நம்மவர் வீட்டை விட்டுப் புறப்பட வேறு காரணம் இருக்கக்கூடும் என்பது இன்னும் பலருக்குத் தோன்றுவதில்லை.

செல்வம் மிகுந்த நாடுகளில் இதுவே ஒரு பொழுதுபோக்காய் இருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனா, நெவாடா முதலிய பாலை நிலங்களில் மூன்று சக்கர மோட்டார் வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, வழிகாட்டி எவரும் முன்செல்லாமல், கையிலே ஒரு வரைபடத்தோடு செம்பாறைகளுக்கிடையே தாமே ஓட்டிச் சென்று மகிழ்கிறார்கள். அவர்களைப் பார்த்து நாமும் செய்யவேண்டும் என்பது என் கருத்தன்று. ஆயினும் வண்டியின் பிடி தன் கையிலும், திரும்பும் மூலை தன் விருப்பத்திலும் இருக்கும்போது மனிதனுக்கு உண்டாகும் நிமிர்வு செல்வருக்கு மட்டும் உரியதன்று என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

மோட்டார் வண்டியின் வரலாறே மூன்று சக்கரத்தில் தொடங்குகிறது. ஜெர்மானியராகிய கார்ல் பென்ஸ் 1886-ஆம் ஆண்டு ஜனவரியில் காப்புரிமை கோரிய வண்டிக்குச் சக்கரம் மூன்றே. அவ்வண்டியை நம்பி வாங்குவாரில்லாமல் அவர் சோர்ந்திருந்த காலத்தில், 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் அம்மையார் கணவருக்குச் சொல்லாமலே தம் புதல்வர் இருவரையும் ஏற்றிக்கொண்டு, மன்ஹைம் நகரத்திலிருந்து போர்ட்ஸ்ஹைமிலிருந்த தம் தாயைக் காணப் புறப்பட்டார். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். பெட்ரோல் கடை என்று ஒன்று உலகத்திலேயே இல்லாத காலம் அது. வீஸ்லோக் என்னும் ஊரில் மருந்துக்கடையில் எரிநெய் வாங்கி ஊற்றினார். எண்ணெய்க் குழாய் அடைத்தபோது தம் தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். தடைக்கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் அடிக்கச் செய்தார். மேட்டில் பையன்கள் தள்ளினார்கள். மோட்டாரில் நெடுந்தூரம் சென்ற முதல் மனிதர் ஒரு பெண் என்பதையும், அவர் தாய்வீட்டுக்குப் போகவே புறப்பட்டார் என்பதையும் நம் வீட்டுப் பெண்கள் அறிந்துவைத்தல் நலம்.

என் வண்டி அத்தகைய சிறப்புடையதன்று. காலஞ்சென்ற என் கணவர் ரந்தாவ், சிலியாவ் பக்கத்துத் தோட்டங்களில் காய்கறியும் கருவாடும் விற்று வந்தார். மோட்டார் சைக்கிளின் இடப்புறத்தில் இரும்புச் சட்டம் பிணைத்து, அதன்மேல் பெட்டி வைத்து, அதற்கென ஒரு சக்கரம் பூட்டிய வண்டி. ரொட்டிக்காரரும் ஐஸ்காரரும் இன்றைக்கும் வைத்திருக்கிறார்களே, அதுதான். அவருக்குப்பின் நான்காண்டு வீட்டுத் தாழ்வாரத்தில் கிடந்ததைப் பட்டறையில் கொடுத்துச் செப்பனிட்டு, பெட்டியை எடுத்துவிட்டுச் சாய்மானமுள்ள இருக்கை வைத்தேன். அதை ஓட்டக் கற்றுக்கொள்ளப் பள்ளித் திடலில் ஒரு மாதம் சுற்றினேன்.

இரண்டு சக்கர வண்டி ஓட்டத் தெரிந்தவர் இதையும் ஓட்டிவிடலாம் என்று எண்ணுதல் பிழை. இரண்டு சக்கரத்தை வளைவில் சாய்த்துத் திருப்புகிறோம். இதுவோ சாயாது, பிடியைப் பலமாய்த் திருப்பியே ஆகவேண்டும். விசையை முறுக்கினால் பக்கத்துச் சக்கரத்தின் இழுப்பால் வண்டி இடப்புறம் போகும். தடையை அழுத்தினால் வலப்புறம் வரும். இடக்கை வளைவில் வேகமாய்த் திரும்பினால் பக்கத்துச் சக்கரம் தரையைவிட்டு எழும்பிவிடும். அப்போது அதைத் தரையில் அமுக்கி வைப்பது அவ்விருக்கையில் இருப்பவரின் பளுவே. புக்கிட் புத்துஸ் கணவாயின் வளைவுகளில் எங்களைக் கவிழாமற் காத்தது என் திறமை பாதி, என் தாயின் உடற்பளு பாதி.

போனதன் காரணத்தை இனிச் சொல்லுகிறேன். எனக்கு முன் பிறந்த அக்காள் ஒருத்தி உண்டு. பதினோராம் மாதத்தில், 1964-ஆம் ஆண்டில், காய்ச்சல் கண்டு ஜன்னியில் இறந்துபோனாள். தோட்டத்து இடுகாட்டில் குழந்தைகளுக்கென்று ஒதுக்கிய ஓரத்தில் புதைத்து, ஆற்றுக்கல் ஒன்றை அடையாளமாக வைத்தார்கள். மூன்றாம் நாள் விடியற்காலையில் என் தாய் உளியும் வாளியும் எடுத்துக்கொண்டு பால் வெட்டப் போனாள். தினமும் தொட்டியடியில் தண்ணீர் எடுத்துத் திரும்புகையில் அவ்வோரம் கண்ணில் படும். 1987-இல் தோட்டம் கைமாறிற்று. லயத்தைக் காலி செய்யும்படி சொன்னார்கள். நாங்கள் சிரம்பான் வந்து சேர்ந்தோம். அதன்பின் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்களையும் இடித்துவிட்டார்கள். ஒருமுறை உறவினர் காரில் அழைத்துப் போனார். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரியான பனைநிரை, ஒரே இருட்டு. ஒன்றையும் அடையாளங் காணாமல், வண்டியை விட்டு இறங்காமலே என் தாய் திரும்பிவிட்டாள்.

சென்ற ஆண்டுகளில் அப்பனைகளுக்கும் வயது முடிந்தது. செம்பனை ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டு கழிந்தால் உயர்ந்துபோய்க் குலை வெட்ட எட்டாது, காய்ப்பும் குறையும். ஆகவே மண்வாரி இயந்திரங்களைக் கொண்டு மரங்களைச் சாய்த்து, தண்டுகளைச் சீவித் துண்டாக்கி, நிரை நிரையாகப் பரப்பி மட்கவிட்டு, மறுநடவு செய்கிறார்கள். முன்போல் தீ வைப்பதில்லை. குலை ஏற்றும் லாரி ஓட்டுகிற பழைய அயலார் ஒருவர் இச்செய்தியைச் சொன்னார். கேட்ட என் தாய், “மரம் நிற்கையில் போனால் ஒன்றும் தெரியாது, பாப்பா. மொட்டையாய்க் கிடக்கிறபோதே என்னைக் கூட்டிப்போ” என்றாள். முழங்கால் மடங்காத அவளை மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றுவதெப்படி? எனக்குக் காரும் கிடையாது. எனவேதான் மூன்று சக்கரம்.

தோட்டத்து அலுவலகத்திற்கு முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி பெற்றுக்கொண்டேன். விடியலில் சிரம்பானை விட்டோம். கணவாயேறி, அங்சி மலையின் அடிவாரத்து உலு பெண்டுலைக் கடந்து, கோலா பிலாவில் பசியாறினோம். அங்கே நெகிரி செம்பிலானின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாயிருந்த மார்ட்டின் லிஸ்டருக்குச் சீன முறையில் கட்டிய நினைவு வளைவு நிற்கிறது. வளைவின் கீழ் நின்று அதை அண்ணாந்து பார்த்த என் தாய், “இது யாருக்கு?” என்றாள். சொன்னேன். “எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?” என்றாள். “கல்லில் எழுதியிருக்கிறது அம்மா, நினைவிருக்கத் தேவையில்லை” என்றேன். அவள் மறுமொழி கூறவில்லை. அப்பேச்சு அவள் மனத்தில் எவ்வளவு ஆழமாய்ப் பதிந்ததென்று அப்போது எனக்குத் தெரியாது.

பகாவ் வட்டாரம் பிரயாணிகளுக்குப் பழமையான இடம். மூவார் ஆற்றோடு சேரும் ஜெம்புல் ஆறும், பகாங் ஆற்றோடு சேரும் செர்த்திங் ஆறும் இங்கே மிக நெருங்கி வருகின்றன. மேற்குக் கடலிலிருந்து கிழக்குக் கடலுக்குப் போக விரும்பிய பண்டைக்கால வணிகர்கள் படகுகளை இவ்விரண்டு ஆறுகளுக்கும் இடையே தரையில் இழுத்துச் சென்றார்கள். ‘பெனாரிக்கான்’, அதாவது இழுக்கும் இடம், என்று அதற்குப் பெயர். ஐரோப்பியரின் பழைய வரைபடங்களிலும் இப்பெயர் உண்டு. பின்னர் 1910-இல் கிம்மாஸிலிருந்து பகாவுக்கு இரயில் வந்தது. இரயிலை ஒட்டி ரப்பர் வந்தது. ரப்பருக்காக நாம் வந்தோம். நூறாண்டுக்கு மேலாக நாம் வாழ்ந்த இடங்களின் பெயர்கள் மட்டும் எந்த வரைபடத்திலும் இல்லை. மேட்டு லயம், ஆற்றடி லயம், பழைய ஆயாக்கொட்டகை, பெரிய கிணறு என்பன போன்ற பெயர்கள் வாய்ச்சொல்லாகவே வழங்கின. சொன்ன வாய்கள் ஒவ்வொன்றாய் ஓய்ந்து வருகின்றன. கெடிஸ், ஜெராம் பாடாங், மிடல்டன் என்று தோட்டப் பெயரைத் தாங்கியிருக்கும் நம் தமிழ்ப்பள்ளிகளே அப்பெயர்களை இன்றும் நாள்தோறும் உச்சரித்துக்கொண்டிருக்கின்றன.

பகாவிலிருந்து ரொம்பின் போகும் சாலையில் சிறிது தூரம் சென்று, காவற்கொட்டகையில் கடிதத்தைக் காட்டி, செம்மண் பாதையில் திரும்பினோம். திரும்பிய கணத்தில் எங்கள் முன் விரிந்தது பாலைவனம்.

பாலைவனம் என்று நான் சொல்வது அலங்காரப் பேச்சன்று. நில நூலார் ஆண்டுக்கு இருநூற்றைம்பது மில்லிமீட்டருக்குக் குறைவாக மழை பெறும் நிலத்தையே பாலை என்பர். இராஜஸ்தானத்து ஜெய்சல்மேர் அத்தகையது. இம்மாநிலத்தில் மலைகள் சூழ்ந்த ஜெலுபு, தீபகற்பத்திலேயே மழை குறைந்த இடமென்று பெயர் பெற்றது. அங்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,650 மில்லிமீட்டர் பெய்கிறது. சென்னை பெறும் மழையினும் இது மிகுதி! ஆகவே மழையின் கணக்குப்படி இங்கே பாலைக்கு இடமேயில்லை. ஆனால் நம் தமிழ்நூலார் பாலையை மழையளந்து வகுத்தார்களில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு கெட்டுப் பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்று இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் கூறினார். அஃதாவது, பாலை தனி நிலமன்று. வேறு நிலம் அடைந்த நிலைமை. அன்று நான் கண்டது அதுவே. கண்ணுக்கெட்டிய வரையில் மரம் ஒன்றில்லை. குன்றுகளைச் சுற்றிப் படிக்கட்டுப்போல் வெட்டிய செம்மண் வரப்புகள். அவற்றின்மேல் நடவுக்கு அளந்து ஊன்றிய வெள்ளைக் குச்சிகள். சீவிப்போட்ட பனந்தண்டுகள் காய்ந்து வெளுத்த எலும்புக்குவியல்போல் கிடந்தன. பத்து மணிக்கே பாதையின் கோடியில் கானல்நீர் ஓடிற்று. வண்டி கிளப்பிய தூசி எங்களுக்கு முன்னே போயிற்று. சற்று நேரத்தில் இயந்திரம் மூச்சுத் திணறி நின்றுவிட்டது. காற்று வடிகட்டியைக் கழற்றி, செம்மண் பொடியைத் தட்டி உதறி மறுபடி பூட்டியபின் சீராக ஓடிற்று. பெர்த்தா அம்மையாரின் தொப்பி ஊசி அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது.

தமிழ் கற்பித்த காலத்தில் பாலைத்திணையைப் பலமுறை மாணவர்க்கு விளக்கியிருக்கிறேன். அதன் உரிப்பொருள் பிரிவு; பொழுது நண்பகல். காதலனோடு உடன்போன மகளைத் தேடிச் சுடுமணல் வழியே தனித்துச் செல்லும் செவிலித்தாயைச் சங்கப் புலவர் பலர் பாடியிருக்கின்றனர். எதிரே வருவோரிடம் அத்தாய் ‘என் மகளைக் கண்டீரோ’ என்று கேட்பாள். தேர்வுக்குரிய குறிப்பாகவே அதை நான் சொல்லிவந்தேன். அறுபதாண்டுக்கு முன் போன மகளைத் தேடி என் தாய் அந்நண்பகலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் அத்துறையின் பொருள் எனக்கு விளங்கிற்று.

“அந்த மேட்டுக்குப் போ” என்றாள் அம்மா. மேட்டின் உச்சியில் வண்டியை நிறுத்தினேன். அவள் இறங்கவில்லை, சேலைத் தலைப்பைத் தலைக்குமேல் இழுத்துவிட்டு நெடுநேரம் பார்த்திருந்தாள். பிறகு கையை நீட்டினாள். “அதோ மூன்று முதுகுள்ள மலை. அதற்கு நேர் கீழே ஆறு வளையும். வளைவுக்கு இந்தப் பக்கம் தொட்டி. இறங்கி இடப்பக்கம் விடு.” மரம் மூடியிருந்தபோது மறைந்துபோன மலையின் முதுகும் ஆற்றின் வளைவும், மரம் போனபின் மீண்டும் வெளிப்பட்டுவிட்டன. காடழித்துத் தோட்டம் போட்ட காலத்தில் அவளுடைய தாய்தந்தையர் இந்நிலத்தை எவ்வாறு கண்டார்களோ அவ்வாறே அவளும் அன்று கண்டாள். இப்படி ஒரு பாலை வந்திராவிட்டால் அவளுக்கு வழி கிடைத்திராது.

“இங்கே திரும்பு, அங்கே பள்ளம், பார்த்துப் போ” என்று அவள் சொல்லச் சொல்ல ஓட்டினேன். தொட்டி இருந்த இடத்தில் அதன் சிமெண்டு அடித்தளம் உடைந்து கிடந்தது. ஆற்றோரமாகச் சிறு புதர்த்திட்டு ஒன்றை வெட்டாமல் விட்டிருந்தார்கள்; உள்ளே தமிழெழுத்துப் பொறித்த சிமெண்டுக் கல்லறைகள் நாலைந்து சாய்ந்து நின்றன. பெரியவர்களின் இடம் அது. குழந்தைகளின் ஓரம் திட்டுக்கு வெளியே, புது வரப்புக்குள் அடங்கிவிட்டது.

அம்மா வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கி, தொட்டியின் அடித்தளத்தருகே நின்றாள். “இந்த மூலையிலிருந்து ஆற்றைப் பார்த்து நூற்றிருபது எட்டு. தினமும் வாளியோடு நடந்த கணக்கு, தப்பாது. ஆனால் இப்போது என் எட்டு குறுகிப்போயிற்று. நீ நட” என்றாள். நான் நடந்தேன். அவள் உரக்க எண்ணினாள். நூற்றிருபதாவது எட்டில் இரண்டு வெள்ளைக் குச்சிகளுக்கு இடையே நின்றேன். ஆற்றுக்கல் அங்கே இல்லை. இருக்குமென்று நாங்கள் எதிர்பார்க்கவுமில்லை.

அருகே வேலை செய்துகொண்டிருந்த மண்வாரி இயந்திரத்தை அதன் ஓட்டுநர் நிறுத்திவிட்டு வந்தார். லொம்போக் தீவிலிருந்து பிழைக்க வந்த இளைஞர். யாருடைய குழி என்று மலாய் மொழியில் மரியாதையாகக் கேட்டார். “என் மகள்” என்றாள் அம்மா. அவர் தலையைக் குனிந்து சிறிது நேரம் நின்றார். பிறகு, குச்சிகளை அளந்து ஊன்றியவர்கள் வேறு, தாம் அவற்றை நகர்த்த இயலாது, இவ்விடத்தில் மழைக்குப்பின் கன்று நடுவார்கள் என்று உண்மையைச் சொன்னார். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் அழவில்லை. “நடட்டும். நிழல் கிடைக்கும் பிள்ளைக்கு” என்றாள். அந்த இளைஞர் தம் தண்ணீர்ப் புட்டியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். நம் முன்னோரைப் போலவே அவரும் யாரோ ஒருவர் முன்னே செல்லப் பின்னே வந்தவர்தாம் என்று எனக்குத் தோன்றிற்று.

அதன்பின் அம்மா சொன்ன சொல்லுக்காகவே இவ்வளவும் எழுதினேன். “குறிப்புப் புத்தகம் வைத்திருக்கிறாயே, எழுதிக்கொள். மூன்று முதுகு மலைக்கு நேர் கீழ். தொட்டி மூலையிலிருந்து ஆற்றைப் பார்த்து நூற்றிருபது எட்டு. பெயரும் எழுது. கல்லில் எழுதினால்தான் நிற்கும் என்றாயே, நமக்குக் கல் இல்லை, காகிதத்திலாவது எழுது” என்றாள். எழுதப் படிக்க அறியாதவள் என் தாய். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அக்காளின் பெயரை நான் எழுதியது என் வாழ்நாளில் அதுவே முதன்முறை.

நிற்க. இது ஒரு வீட்டுக் கதையாகவே முடிவதாயிருந்தால் பத்திரிகைக்கு எழுதியிருக்க மாட்டேன். நேயர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும்: தோட்டம் நம்மை விட்டுப் போவது இன்று நேற்றுத் தொடங்கியதன்று. 1950-களிலும் 60-களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நிலைகுலைந்தன. அதைக் கண்டுதான் 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளரின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்க முயன்றார். பின்னர் ரப்பரைச் செம்பனை தள்ளிற்று. பல இடங்களில் செம்பனையை நகரம் தள்ளிற்று. பிராங் பெசார் தோட்டம் இருந்த இடத்தில் இன்று புத்ராஜெயா நிற்கிறது. இம்மாற்றங்களுள் எதையும் நம்மால் தடுத்து நிறுத்த முடிந்ததில்லை. ஆனால் எழுதி வைப்பதை எவரும் தடுக்கவில்லை. கம்பெனிகளின் ஏடுகளில் ஏக்கர் கணக்கும் இறாத்தல் கணக்கும் பத்திரமாக இருக்கின்றன. எந்த லயத்தில் யார் குடியிருந்தார்கள், எந்த மரத்தடியில் கூத்து நடந்தது, எந்தக் கொட்டகையில் முதன்முதல் தமிழெழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள், யார் பிள்ளை எங்கே கிடக்கிறது என்னும் கணக்கு நம் கிழவிகளின் காலடியில் அல்லவா இருக்கிறது? அவர்கள் காலடி குறுகிக்கொண்டே வருகிறது.

மறுநடவு நிலம் நெடுங்காலம் வெறுமையாய் இராது. முதலில் கொடிப்பயிர் படர்ந்து மண்ணை மூடும். ஹெக்டேருக்கு நூற்று முப்பத்தாறு, நூற்று நாற்பத்தெட்டு என்ற கணக்கில் கன்று நடுவார்கள். முப்பது மாதம் போனால் குலை தள்ளும். ஐந்தாறு ஆண்டில் மட்டையும் மட்டையும் கோத்து வானத்தை மறைத்துவிடும். மறுபடி அம்மலையின் முதுகு தெரிய இன்னும் இருபத்தைந்து ஆண்டு காத்திருக்கவேண்டும். வழி சொல்லத் தெரிந்தவர்கள் அதுவரையில் இருப்பார்களா?

ஆதலால், அன்பர்காள், உங்கள் பழைய தோட்டத்தில் மரம் சாய்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் வருந்துவதோடு நின்றுவிடாதீர்கள். அலுவலகத்திற்கு எழுதி அனுமதி பெறுங்கள். மழை பெய்து ஈரம் உலராத நாளில் போகாதீர்கள். செம்மண் சக்கரத்தைப் பற்றிக்கொள்ளும். குடிக்கத் தண்ணீரும், வண்டிக்கு வேண்டிய பெட்ரோலும், தலைக்கு நிழலும் கொண்டுபோங்கள். மூன்று சக்கரம் கிடையாவிட்டால் நான்கு சக்கரத்தில் போங்கள். அதுவும் இல்லையேல் நடந்து போங்கள். எப்படிப் போனாலும் வீட்டிலுள்ள முதியவரை முன்னிருக்கையில் அமர்த்தி, அவர் காட்டும் திசையில் திருப்புங்கள். உங்கள் பிள்ளையின் கையில் ஒரு குறிப்புப் புத்தகத்தைக் கொடுத்து, அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதச் சொல்லுங்கள். நம் தமிழ்ப்பள்ளி ஒவ்வொன்றும் அக்குறிப்புகளை வாங்கித் தொகுத்து ஓர் ஏடாக வைக்குமானால், நம் தோட்டங்களின் வரைபடம் பத்தாண்டில் நம்மிடமே உருவாகிவிடும்.

பெரட்டுக்களத்தில் நம் பெயரைப் பிறர் எழுதி வைத்துக் கூப்பிட்டார்கள். நாம் வாழ்ந்த இடங்களின் பெயரையேனும் நாமே எழுதிக்கொள்வோமாக.